பெயரும் அதிகாரமும்: கொள்கலக் கொத்துகளின் பெயர்வெளி முகாமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்கருவி எவ்வாண்டில் தோன்றிற்று, அதனை ஆக்கியோர் யாவர், பின் வந்த கருவி முன்னையதை எவ்வாறு பின்தள்ளிற்று என்பனவே அத்தகைய வரலாறுகளின் பொருளாக அமைவன. இவ்வாறான கால வரன்முறை பயனற்றதன்று. ஆயின், ஒரு கருவி எத்தகைய பகிர்வுச் சிக்கலுக்கு விடையாக எழுந்தது, அவ்விடை எவர் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொண்டு சேர்த்தது ஆகிய வினாக்களை எழுப்பாதவிடத்து, அது வெறும் பட்டியல் என்ற நிலையினின்றும் மேலெழுவதில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் முதற் பார்வையிற் குறுகியதாகத் தோன்றலாம். கொள்கலக் கொத்துகளிலுள்ள பெயர்வெளிகளை முகாமை செய்வதற்கான இணைப்பி ஒன்றினை அமைவாக்கம் செய்தல் என்பதே அது. இப்பதங்களை முதலில் விளக்கிக் கொள்ளல் வேண்டும். பல கணினிகளை ஒன்றிணைத்து ஒரே கணினி போல இயக்கும் ஏற்பாட்டினைக் கொத்து என்கின்றோம். ஒரு செய்ந்நிரலும் அது இயங்குவதற்கு வேண்டிய துணைக் கோப்புகளும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டு, ஏனையவற்றினின்றும் பிரித்து இயக்கப்படுமிடத்து அது கொள்கலம் எனப்படுகின்றது. ஒரே கொத்தினைப் பல குழுவினர் பயன்படுத்தும்போது அவரவர் பொருள்களை வகுத்து வைப்பதற்கான பிரிவே பெயர்வெளி. வெவ்வேறு முறைமைகளுக்கிடையே செய்திகளைக் கொண்டு செல்லும் ஒருங்கிணைப்புச் சட்டகத்தில், குறித்த ஒரு முறைமையோடு பேசவல்ல கூறு இணைப்பி ஆகும்.

பெயர்வெளி என்பது பெயர்களைப் பிரிக்கும் ஓர் எல்லை. அது தானாகவே அதிகாரத்தைப் பிரிப்பதில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளின் பொருட்டுத் தோன்றியவை. இவ்வரலாற்று உண்மையை மறந்து, பெயர் பிரிந்தவுடன் அதிகாரமும் பிரிந்துவிட்டது எனக் கொள்வோர், ஒரு சிறு இணைப்பியின் கையில் முழுக் கொத்தினது திறவுகோலையும் ஒப்படைத்து விடுகின்றனர். இதனை நிறுவுவதே எமது நோக்கமாகும்.

1. பகிர்வுச் சிக்கலின் தோற்றம்

கணினி அருமையாகவும் பெருவிலையினதாகவும் இருந்த காலத்திலேயே பலர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவை எழுந்தது. 1961 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோவும் அவர்தம் குழுவினரும் செய்து காட்டிய காலப்பகிர்வு முறைமை இத்தேவைக்கு எழுந்த முக்கிய விடைகளுள் ஒன்று. பொறியின் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாக்கி ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வழங்குவதன் மூலம், பொறி முழுவதும் தமக்கே உரியது என்ற தோற்றத்தைப் பயனர் ஒவ்வொருவருக்கும் அது அளித்தது. இதன் தொடர்ச்சியாக 1960களின் நடுப்பகுதியில் தொடங்கிய மல்ரிக்ஸ் திட்டத்தில் அடுக்குமுறைக் கோப்பமைப்பு உருவாக்கப்பட்டது. ஒருவரது அடைவினுள் உள்ள கோப்பின் பெயரும் இன்னொருவரது அடைவினுள் உள்ள கோப்பின் பெயரும் ஒன்றாயிருப்பினும் குழப்பம் நேராதவாறு அது வழி செய்தது. அத்திட்டத்தினின்றும் பெல் ஆய்வுகூடம் 1969 இல் விலகியபின், கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமை இவ்வடுக்குமுறையைத் தனதாக்கிக் கொண்டது.

ஒரு பொறியினுள் எழுந்த இச்சிக்கல், பொறிகள் வலையமைப்பாக இணைந்தபோது மேலும் விரிவடைந்தது. ஆர்ப்பாநெற் எனும் ஆரம்பகால வலையமைப்பில் இணைந்த பொறிகள் யாவற்றினதும் பெயர்கள் ஒரே கோப்பில் எழுதப்பட்டன. ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் நிலையம் அதனைப் பேணிற்று. புதிய பொறிக்குப் பெயரிட விரும்புவோர் அந்நிலையத்துக்கு அறிவிக்க, அது பட்டியலைத் திருத்தும்; ஏனையோர் திருத்திய பட்டியலைப் பெற்றுக்கொள்வர். பொறிகளின் தொகை பெருகப் பெருக இவ்வேற்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு பெயரை ஒருவரே பயன்படுத்தலாம் என்ற தட்டை வெளியில் முன்வந்தோர் நல்ல பெயர்களை எடுத்துக்கொள்ள, பட்டியலைப் பேணும் சுமை முழுவதும் ஒரே நிலையத்தின் மீது விழுந்தது.

1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த பெயர்க்களமுறை இதனைத் தீர்த்து வைத்தது. அம்முறையின் சிறப்பு, பெயர்களை மரக்கிளைகள் போலப் பிரித்தது மட்டுமன்று. ஒரு கிளை பிரிக்கப்படும்போது அக்கிளையினுள் பெயரிடும் அதிகாரமும் அதனைப் பேணும் பொறுப்பும் அக்கிளைக்குரியோரிடம் கையளிக்கப்பட்டன. பெயர்ப் பிரிவும் அதிகாரப் பகிர்வும் இங்கே ஒரே செயலின் இரு பக்கங்களாக அமைந்தன. பின்னர் எழுந்த பெயர்வெளிகளை மதிப்பிடுவதற்கு இதனை ஓர் அளவுகோலாக நாம் கொள்ளலாம்.

2. ஒரே பெயரில் இரு பொருள்கள்

இன்று பெயர்வெளி என்ற சொல்லால் வழங்கும் இரு வேறு பொருள்கள் உள. அவற்றைப் பிரித்தறியாமையே பல மயக்கங்களுக்குக் காரணமாயிற்று.

முதலாவது, பணிசெயல் முறைமையின் கருவினுள் உள்ள பெயர்வெளி. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு செயன்முறைக்குக் கோப்பமைப்பின் வேர் எது என்பதை மாற்றிக் காட்டும் வசதி இடம்பெற்றது. பெல் ஆய்வுகூடத்தில் றொப் பைக், கென் தொம்சன் முதலியோர் ஆக்கிய பிளான் 9 முறைமை இக்கருத்தை முழுமைப்படுத்திற்று. 1992 இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்ட அம்முறைமையில், ஒவ்வொரு செயன்முறையும் தனக்கெனத் தனியான ஒரு பெயர்வெளியைக் கொண்டிருக்கலாம். அது காணும் உலகம் அப்பெயர்வெளியில் உள்ளவற்றால் ஆனது. இக்கருத்தின் செல்வாக்கு லினக்ஸ் முறைமையை அடைந்தது. 2002 இற் கோப்பிணைப்புகளுக்கான பெயர்வெளியும், அடுத்து வந்த ஆண்டுகளிற் செயன்முறை எண்கள், வலையமைப்பு ஆகியவற்றுக்கான பெயர்வெளிகளும் சேர்ந்தன. பயனர்களுக்கான பெயர்வெளி 2013 இல் நிறைவுற்றது. 2008 இல் இணைக்கப்பட்ட கட்டுப்பாட்டுக் குழுக்கள், ஒரு குழுமம் எவ்வளவு நினைவகத்தையும் செயலி நேரத்தையும் பயன்படுத்தலாம் என்பதை வரையறுத்தன. இவையிரண்டும் இணைந்தமையே இன்றைய கொள்கலத்தின் அடித்தளமாகும். 2013 மார்ச்சில் வெளிவந்த டொக்கர், இவற்றை எளிதிற் கையாளத்தக்கதாக்கி உலகெங்கும் பரப்பிற்று.

கொள்கலம் என்ற உருவகமே கப்பற் போக்குவரத்தினின்றும் பெறப்பட்டது. 1956 ஏப்பிரலில் ஐடியல் எக்ஸ் எனும் கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்ரனுக்கு 58 பெட்டகங்களுடன் சென்ற நிகழ்ச்சியைப் பெட்டகப் போக்குவரத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் கொள்வர். பெட்டகத்தின் உள்ளே இருப்பது யாதாயினும் பாரந்தூக்கிக்கு அதன் புறவடிவமே போதுமானது. இதனாற் சரக்கினை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிய துறைமுகத் தொழிலாளரின் வேலை சுருங்கிற்று. 1960 இல் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் இயந்திரமயமாக்கல் பற்றி முதலாளிமாருடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. வேலை பொறிக்குச் செல்லும்போது அவ்வேலையோடு இணைந்திருந்த முடிவெடுக்கும் உரிமை எவரிடம் செல்கின்றது என்ற வினா அன்று துறைமுகத்தில் எழுந்தது. இன்று கணினிக் கொத்துகளிலும் அதே வினா எழுகின்றது.

இரண்டாவது பெயர்வெளி, கொத்து முகாமையின் பெயர்வெளி ஆகும். கூகிள் நிறுவனம் தன் தரவு நிலையங்களில் போர்க் எனும் முறைமையைப் பயன்படுத்திப் பெற்ற அனுபவத்தின் வழியே, 2014 ஜூனில் குபெர்னெற்றிஸ் எனும் முறைமையை அறிவித்தது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் சொல் அது. 2015 ஜூலையில் அதன் முதலாவது நிறைபதிப்பு வெளிவந்தபோது, லினக்ஸ் நிறுவகத்தின் கீழ் அமைந்த பொது அமைப்பொன்றுக்கு அது கையளிக்கப்பட்டது.

குபெர்னெற்றிஸ் கூறும் பெயர்வெளிக்கும் லினக்ஸ் கருவின் பெயர்வெளிக்கும் பெயரொற்றுமையன்றி வேறு நேரடித் தொடர்பில்லை. கருவின் பெயர்வெளி, ஒரு செயன்முறை எதனைக் காணலாம் என்பதை வரையறுக்கும் தடுப்பு. கொத்தின் பெயர்வெளியோ, எற்சிடி எனும் தரவுக் களஞ்சியத்திற் பொருள்களின் பெயர்களுக்கு முன்னொட்டாக நிற்கும் ஒரு பதிவு. ஒரு குழுவினர் ஒரு சேவைக்கு இட்ட பெயரையே வேறொரு பெயர்வெளியில் இன்னொரு குழுவினரும் இடலாம். வேறெதுவும் செய்யப்படாதவிடத்து, ஒரு பெயர்வெளியில் உள்ள கொள்கலம் மற்றொரு பெயர்வெளியில் உள்ளதனோடு வலையமைப்பின் வழியாகத் தடையின்றிப் பேசலாம். பெயர்வெளிகள் ஒன்றனுள் ஒன்று அடங்குவதுமில்லை. கொத்தின் கணினிகளும் நிலையான சேமிப்புத் தொகுதிகளும் எப்பெயர்வெளிக்கும் உட்படாதவை. பெயர்க்களமுறை பெயரோடு அதிகாரத்தையும் கையளித்ததென முன்னர்க் கண்டோம். கொத்தின் பெயர்வெளி பெயரை மட்டுமே பிரித்தது.

அதிகாரத்தைப் பிரிக்கும் ஏற்பாடுகள் பின்னரே வந்தன. யார் எதனைச் செய்யலாம் என்பதைப் பங்குகளின் அடிப்படையில் வரையறுக்கும் முறை 2017 இன் பிற்பகுதியிலேயே நிலைபேறடைந்தது. பெயர்வெளிகளுக்கிடையிலான வலையமைப்புத் தொடர்பைக் கட்டுப்படுத்தும் கொள்கைகளும் அதே ஆண்டிலேயே நிலைபேறடைந்தன. கொள்கலங்கள் எத்தகைய சலுகைகளோடு இயங்கலாம் என்பதைப் பெயர்வெளி வாரியாக வரையறுக்கும் இன்றைய ஏற்பாடு 2022 இல் நிலைபேறடைந்தது. ஆகவே பெயர் முன்னும் அதிகார வரையறை பின்னுமாக இவ்வளர்ச்சி நிகழ்ந்தது என்பது தெளிவு.

3. ஒருங்கிணைப்புச் சட்டகமும் இணைப்பியும்

இணைப்பியின் வரலாறு வேறொரு மூலத்தினின்றும் தொடங்குகின்றது. பெருநிறுவனங்களில் வெவ்வேறு காலங்களில் வாங்கப்பட்ட, வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட முறைமைகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய நிலை 1990களில் ஒரு பெருஞ் சிக்கலாயிற்று. 2003 இல் கிரெகோர் ஹோபேயும் பொபி வூல்ஃபும் எழுதிய நூல், செய்தி வழி ஒருங்கிணைப்பில் மீள மீள எழும் சிக்கல்களையும் அவற்றுக்கான தீர்வுகளையும் வகைப்படுத்திற்று. அத்தீர்வுகளைச் செய்ந்நிரலாக்கும் நோக்குடன் 2007 இல் அபாச்சி கெமல் எனும் சட்டகம் தோன்றியது.

கெமலின் அடிப்படைக் கருத்து எளிமையானது. ஒரு செய்தி ஓரிடத்தினின்றும் புறப்படும். வழியில் தெரியப்படலாம், மாற்றப்படலாம், பிரிக்கப்படலாம். இறுதியில் மற்றோரிடத்தை அடையும். இவ்வழி நெறிவழி எனப்படும். நெறிவழியின் இருமுனைகளிலும் இணைப்பிகள் நிற்கும். செய்தி ஒன்றுக்கு உடல் என்றும் தலைப்புகள் என்றும் இரு பகுதிகள் உண்டு. இணைப்பி செய்ய வேண்டியது யாது என்பதைத் தலைப்புகள் அறிவிப்பது வழக்கம். இச்சட்டகத்தில் குபெர்னெற்றிசுக்கான இணைப்பிகள் 2016 இல் வெளிவந்த 2.17 ஆம் பதிப்பிலேயே சேர்ந்தன. பெயர்வெளிகளுக்கான இணைப்பியும் அவற்றுள் ஒன்று.

இவ்வாண்டுகளை ஒப்புநோக்குதல் பயனுடையது. கொத்தின் பெயர்வெளிகளை ஆக்கவும் அழிக்கவும் வல்ல இணைப்பி 2016 இல் வந்துவிட்டது. அவ்விணைப்பியின் கையை எல்லைப்படுத்தக்கூடிய பங்குமுறை நிலைபேறடைந்ததோ 2017 இல். அதற்கு முன்னர், உரிமைகளைக் கோப்பொன்றில் எழுதி வைக்கும் முறை இருந்தது. அக்கோப்பினை மாற்றினால் நுழைவாயிற் சேவையகத்தையே மீள ஆரம்பிக்க வேண்டும். அத்தகைய சூழலில் நுணுக்கமாக உரிமை வகுப்பதிலும் பார்க்க, முழு உரிமையுள்ள அனுமதிச்சீட்டு ஒன்றைக் கொடுத்துவிடுதல் எளிது. பழக்கமாகிவிட்ட அவ்வெளிமை, அதற்கான காரணம் மறைந்த பின்னரும் நிலைத்து நிற்றல் இயல்பே.

4. அமைவாக்கம் என்னும் அதிகாரப் பகிர்வு

இனி, இவ்விணைப்பியை அமைவாக்கும்போது எழும் வினாக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். இணைப்பிக்கு முதலில் வேண்டுவது கொத்தினது நுழைவாயிற் சேவையகத்தின் முகவரி. அடுத்து வேண்டுவது, தான் யார் என்பதை அச்சேவையகத்துக்கு மெய்ப்பிக்கும் சான்று. அனுமதிச்சீட்டு, வாடிக்கையாளர் சான்றிதழ், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எனப் பல வழிகளை இணைப்பி ஏற்கின்றது. இவற்றுட் கடைசி வழி ஒரு வரலாற்று எச்சம் எனலாம். ஏனெனில் நிலையான கடவுச்சொற் கோப்பினைக் கொண்டு பயனரை அறியும் முறை 2020 இல் குபெர்னெற்றிசின் 1.19 ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சேவையகத்தின் சான்றிதழை ஆராயாமலே நம்பிவிடுமாறு பணிக்கும் தெரிவும் உண்டு. பரிசோதனையின்போது இடப்பட்ட அத்தெரிவு உற்பத்திச் சூழலுக்கும் அப்படியே எடுத்துச் செல்லப்படுமாயின், இணைப்பி தன் அனுமதிச்சீட்டை எவரிடம் நீட்டுகின்றது என்பதற்கு உறுதி இராது.

மூன்றாவது, இணைப்பி செய்யவேண்டிய செயல். எல்லாப் பெயர்வெளிகளையும் பட்டியலிடல், அடையாளத் துண்டுகளின்படி தெரிந்து பட்டியலிடல், ஒன்றின் விபரம் பெறல், ஒன்றை ஆக்கல், திருத்தல், அழித்தல் என்பனவே செயல்கள். இவற்றோடு, பெயர்வெளிகளில் நிகழும் மாற்றங்களை வெறுமனே அவதானித்து அறிவிக்கும் பணியையும் இணைப்பி ஆற்றவல்லது. இங்கு ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. செயல் யாது என்பது நெறிவழியிலேயே எழுதப்பட்டிருப்பின், இணைப்பி அதனை மட்டுமே செய்யும். அது எழுதப்படாது விடப்படின், வந்து சேரும் செய்தியின் தலைப்பு எச்செயலைக் குறிப்பிடுகின்றதோ அதனை இணைப்பி செய்யும். எப்பெயர்வெளி மீது செய்வது என்பதும் தலைப்பினாலேயே அறிவிக்கப்படுகின்றது. ஆகவே செயலை எழுதாது விடுவோர், ஆக்குவதா அழிப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையைச் செய்தி அனுப்புவோரிடம் கையளிக்கின்றனர். ஒரு வரி எழுதாமை இங்கு ஓர் அதிகாரக் கையளிப்பு ஆகின்றது.

செய்தி வெளியிலிருந்து வருமாயின் இவ்வபாயம் மேலும் வலுப்பெறும். வெளியார் அனுப்பும் வேண்டுகோள்களில், கெமலின் உட்பயனுக்கென ஒதுக்கப்பட்ட பெயருடைய தலைப்புகள் வடிகட்டப்பட வேண்டும் என்பது சட்டகத்தின் ஏற்பாடு. ஆயினும் 2025 மார்ச்சில் அவ்வடிகட்டியில் ஒரு குறைபாடு வெளிப்படுத்தப்பட்டது. வடிகட்டி குறித்த சில எழுத்து வடிவங்களை மட்டுமே நோக்கிற்று; ஆங்கிலத்தின் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறுவகையாகக் கலந்து எழுதிய அதே பெயர் வடிகட்டியைக் கடந்து உட்புகலாயிற்று. குறித்த சில கூறுகள் பயன்படுத்தப்படும் நெறிவழிகளில், அவற்றின் நடத்தையை வெளியாள் மாற்றத்தக்க நிலை இதனால் ஏற்பட்டது. திருத்திய பதிப்புகள் உடன் வெளியிடப்பட்டன. ஒரு பெயரின் எழுத்து வடிவத்தை நம்பி அதிகாரத்தைக் காக்க முற்படுதல் எத்துணை நொய்மையானது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நான்காவதும் மிக முக்கியமானதுமான வினா, இணைப்பி ஏந்திச் செல்லும் அனுமதிச்சீட்டுக்குரிய பங்கு யாது என்பதாகும். பெயர்வெளி என்பது கொத்து மட்டத்துப் பொருள். புதிய பெயர்வெளி ஒன்றை ஆக்கும் உரிமையையோ அனைத்தையும் பட்டியலிடும் உரிமையையோ ஏதேனுமொரு பெயர்வெளிக்குள் மட்டும் செல்லுபடியாகும் பங்கினால் வழங்க இயலாது. கொத்து முழுவதற்குமான பங்கே வேண்டும். விபரம் பெறல், திருத்தல், அழித்தல் ஆகிய உரிமைகளைக் குறித்த சில பெயர்களுக்கு மட்டும் என எல்லைப்படுத்தலாம். ஆக்கும் உரிமையை அவ்வாறு பெயரால் எல்லைப்படுத்த முடியாது.

அழித்தல் எத்தகைய செயல் என்பதும் ஆழ்ந்து நோக்கற்பாலது. பெயர்வெளி ஒன்று அழிக்கப்படும்போது அதனுள் உள்ள செய்ந்நிரல்கள், இரகசியங்கள், சேவைகள், அமைவுகள் யாவும் அதனோடு அழிகின்றன. அவற்றை அழிப்பது கொத்தின் உள்ளகக் கட்டுப்படுத்தியே. அது தன் சொந்த உரிமையின் பேரில் அதனைச் செய்கின்றது. எனவே பெயர்வெளியினுள் உள்ள தனிப்பொருள் ஒன்றைத் தொடவும் உரிமையில்லாத இணைப்பி கூட, பெயர்வெளியை அழிக்கும் உரிமை ஒன்றினால் அனைத்தையும் இல்லாமற் செய்ய வல்லதாகின்றது. பெயரை அழிக்கும் உரிமை, அப்பெயரின் கீழ் வாழ்வன அனைத்தையும் அழிக்கும் உரிமையாகி விடுகின்றது.

திருத்தல் என்னும் செயல் இதனினும் மென்மையானதாகத் தோன்றும். ஆயினும் அதனுள்ளும் அதிகாரம் மறைந்துள்ளது. கொள்கலங்கள் எத்தகைய சலுகைகளோடு இயங்கலாம் என்ற வரையறை, பெயர்வெளியின் மீது ஒட்டப்பட்ட அடையாளத் துண்டினாலேயே இன்று குறிக்கப்படுகின்றது. வலையமைப்புக் கொள்கைகளும் எப்பெயர்வெளியினின்றும் வரும் தொடர்பை ஏற்பது என்பதைப் பெரும்பாலும் அடையாளத் துண்டுகளைக் கொண்டே தீர்மானிக்கின்றன. ஆகவே துண்டினை மாற்றும் உரிமையுடையோர், பாதுகாப்பு வரையறையைத் தளர்த்தும் உரிமையும், அடைத்த வாயிலைத் திறக்கும் உரிமையும் உடையோராகின்றனர். 2021 தொடக்கம் பெயர்வெளியின் சொந்தப் பெயரைத் தாங்கிய துண்டொன்றை முறைமையே இடுகின்றது. பயனர் தம் விருப்பப்படி ஒட்டிய துண்டுகளிலும் பார்க்கக் கொள்கை வகுப்போர் நம்பத்தக்கது இத்துண்டே.

மேற்கூறியவற்றினின்றும் நடைமுறை முடிபுகள் சில பெறப்படுகின்றன. பட்டியலிடும் நெறிவழிக்கும் அழிக்கும் நெறிவழிக்கும் ஒரே அனுமதிச்சீட்டை வழங்கலாகாது. அவதானிப்பதற்கென அமைந்த இணைப்பிக்கு அவதானிக்கும் உரிமை மட்டுமே போதும். செயல் ஒவ்வொன்றும் நெறிவழியிலேயே எழுதப்படல் வேண்டும். வெளியிலிருந்து வரும் செய்தியின் தலைப்புகளை நீக்கி, வேண்டிய பெயரை ஆராய்ந்த பின்னரே இணைப்பிக்கு அனுப்புதல் வேண்டும். ஆக்கும் நெறிவழி பெயரை மட்டும் ஆக்கி நின்றுவிடாது, வளப் பங்கீடு, வலையமைப்புக் கொள்கை, பங்கு ஆகியவற்றையும் அதே தொடரில் நிறுவுதல் வேண்டும். அன்றேல், 1983 இன் பெயர்க்களமுறை ஒரே செயலாகச் செய்ததனை நாம் பாதியில் விட்டவராவோம்.

5. எவரது எழுத்தில் பெயர்?

பெயரிடும் உரிமை பற்றிப் பேசும்போது, எவ்வெழுத்தில் பெயரிடுவது என்ற வினாவினை ஒதுக்கிவிட இயலாது. குபெர்னெற்றிசின் பெயர்வெளிப் பெயர் 63 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. இலத்தீன் அரிச்சுவடியின் சிற்றெழுத்துகள், இலக்கங்கள், இணைகோடு ஆகியன மட்டுமே அதில் இடம்பெறலாம். இவ்வரையறை 2014 இல் புதிதாக வகுக்கப்பட்டதன்று. பெயர்க்களமுறையின் ஒவ்வொரு கூறுக்கும் 1980களில் விதிக்கப்பட்ட எல்லையே இங்கு வந்து படிந்துள்ளது. ஆங்கிலம் பேசும் ஆய்வாளர் சிலரின் வசதிக்கேற்ப வகுக்கப்பட்ட விதி, பல்லாண்டுகளின் பின் பிறந்த முறைமையிலும் தொடர்கின்றது.

பெயர்க்களமுறையில் இந்நிலை ஓரளவு மாறிற்று. எமது நாட்டிற்கு இலங்கை என்ற தமிழ் எழுத்துப் பெயரும் சிங்கள எழுத்துப் பெயரும் உயர்மட்டக் களங்களாக 2010 இல் வழங்கப்பட்டன. ஆயினும் முறைமையின் உள்ளே அத்தமிழ்ப் பெயர் இலத்தீன் எழுத்துகளின் தொடராக மாற்றியே சேமிக்கப்படுகின்றது. மேற்பரப்பில் எமது எழுத்து. அடித்தளத்தில் பழைய விதி. கொத்துகளிலோ மேற்பரப்பு மாற்றமும் நிகழவில்லை. அடையாளத் துண்டுகளின் பெறுமதிகளும் இலத்தீன் எழுத்துக்கே உரியன. விளக்கக் குறிப்புகள் எனப்படும் இணைப்புகளில் மட்டுமே தமிழில் எழுதலாம். அவை மனிதர் வாசிப்பதற்கு உதவுமேயன்றி, பொருள்களைத் தெரிந்தெடுப்பதற்குப் பயன்படா. தமிழிற் பணியாற்றும் நிறுவனமொன்று பெயர்வெளியை ஆக்கும்போது, அதன் பொறுப்பாளர் யார், எதன்பொருட்டு அது ஆக்கப்பட்டது என்பவற்றை இக்குறிப்புகளிலே தமிழில் எழுதி வைத்தல் சாலச் சிறந்தது. ஆக்கும் செயலின்போதே இக்குறிப்புகளை இணைப்பி வழியாக இடலாம்.

6. முடிவுரை

கொத்தினை முகாமை செய்வோரின் அன்றாட வேலையை இணைப்பி தன் மீது ஏற்றுக்கொள்கின்றது. முன்பு ஒரு குழு புதிய பெயர்வெளி வேண்டின் முகாமையாளரைக் கேட்கும். அவர் வினவுவார், தயங்குவார், சிலவேளை மறுப்பார். அவ்வினவுதல் காலத்தாழ்ப்பை ஏற்படுத்திற்று என்பது உண்மை. அதேவேளை, பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதற்கு அது சான்றாகவும் நின்றது. இணைப்பி வினவுவதில்லை. அதன் அமைவில் எழுதப்பட்டிருப்பதைச் செய்கின்றது. எழுதப்படாததைச் செய்தியின் விருப்புக்கு விட்டுவிடுகின்றது. எனவே முன்னர் முகாமையாளரின் தீர்ப்பில் இருந்த பொறுப்பு, இப்போது அமைவை எழுதுவோரின் கையை அடைந்துள்ளது. அவரோ பல நிறுவனங்களில் மிக இளைய ஊழியர்; பிறரது மாதிரி அமைவொன்றைப் பெயர்த்தெழுதி வேலையை முடிக்குமாறு அவசரப்படுத்தப்படுபவர்.

வேலை பொறிக்குச் சென்றது. அதிகாரம் அனுமதிச்சீட்டுக்குச் சென்றது. பொறுப்பு மட்டும் உரியவரின்றி நிற்கின்றது. இந்நிலையை மாற்றுவதற்குப் புதிய கருவியொன்று தோன்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேண்டிய ஏற்பாடுகள் இன்றைய முறைமைகளிலேயே உள. அமைவுக் கோப்பினைத் தொழினுட்பக் குறிப்பாக மட்டுமன்றி, அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் ஆவணமாக வாசித்தலே முதலில் வேண்டப்படுவது. எந்த இணைப்பிக்கு எந்த உரிமை, அதனை வழங்கியவர் யார், மீளப் பெறுபவர் யார் என்ற வினாக்களுக்கு அக்கோப்பினை வாசிக்கும் எவரும் விடைகாணல் வேண்டும். அவ்விடை அக்கோப்பில் இல்லாதவரை, பெயர்வெளிகள் எத்தனை ஆக்கப்படினும் கொத்தின் அதிகாரம் பிரிக்கப்படாமலே இருக்கும்.